ஐம்பத்து மூன்று வருட மாப்பிள்ளை

வாசல் கதவு விரியத் திறந்துதான் கிடக்கிறது. ஆனாலும் யஹ்யா படிக்கு வெளியே நின்று இரண்டு தடவை இருமுகிறார். செருப்பைக் கழற்றி ஜோடி சேர்த்து ஓரமாக வைக்கிறார். குடையிலிருந்து இல்லாத மழையை உதறுகிறார். அப்படியும் உள்ளேயிருந்து சத்தம் வராவிட்டால் எதிர்வீட்டுச் சுவரில் ஒட்டியிருக்கும் விளம்பரத்தை முதல் எழுத்திலிருந்து படிக்கத் தொடங்கிவிடுவார். யாராவது "வாங்க" என்று சொன்ன பிறகுதான் பிஸ்மி சொல்லி வலது காலை உள்ளே வைப்பார். வயது எழுபத்தேழு. அந்த வீட்டில் அவர் குடியிருக்கத் தொடங்கி ஐம்பத்து மூன்று வருடம் ஆகிறது.

துபாயிலிருந்து நாற்பது நாள் விடுப்பில் வந்த அவருடைய மருமகன் முஜாஹித், முதல் நாள் இதைப் பார்த்துவிட்டு மறதி நோயோ என்று பயந்துபோனான். மனைவி இல்மாவிடம் கேட்டதற்கு அவளுக்குச் சிரிப்புதான் வந்தது.

"மறதியா, எங்க வாப்பாவுக்கா? நம்ம கல்யாணச் சாப்பாட்டுல யாரு யாரு கத்திரிக்காய ஒதுக்கி வச்சாவன்னு கேளுங்க. பதினாறு வருசமாச்சு, இப்பவும் பேரு பேரா சொல்லுவாவ."

"பொறவு எதுக்கு வெளிய நிக்காவ?"

"உம்மா இருக்கையில தெருமுக்குல செருப்புச் சத்தம் கேட்டதும் அவங்களே வாங்கன்னு சொல்லிருவாங்க. அதனால நமக்குத் தெரியல. இப்பச் சொல்ல ஆளில்ல. நிக்காவ." சொல்லி முடிக்கும்போது அவள் முகத்தில் சிரிப்பு இல்லை. உம்மா பதுருன்னிஸா இறந்து அப்போது மூன்று மாதம் முடிந்திருந்தது.

காயல்பட்டினத்தில் வீடு பெண்ணுக்கு. கல்யாணம் முடிந்தால் மாப்பிள்ளைதான் பெட்டியோடு பெண் வீட்டுக்குக் குடிவருவார். வீட்டோடு மாப்பிள்ளை என்று வெளியூர்க்காரர்கள் செய்யும் கேலி இங்கே எடுபடாது. ஊரே வீட்டோடு மாப்பிள்ளைதான். யஹ்யாவும் இருபத்து நாலு வயதில் அப்படி வந்தவர். அவருடைய மகன்கள் இரண்டு பேரும் அப்படியே போய், ஒருவர் இரண்டு தெரு தள்ளியும் இன்னொருவர் சென்னையிலும் மனைவி வீட்டில் இருக்கிறார்கள். இல்மாவைக் கட்டிக்கொண்டு முஜாஹித் இங்கே வந்தான். மற்ற ஆண்கள் எல்லாம் நாலைந்து வருடத்தில் கூச்சம் விட்டு, கைலியை மடித்துக் கட்டி, "ஏளா, டீ எங்க" என்று குரல் கொடுக்கப் பழகிக்கொள்வார்கள். யஹ்யா மட்டும் பழகவே இல்லை.

முஜாஹிதுக்கு அவரை வேடிக்கை பார்ப்பது விடுப்பில் ஒரு வேலையாகவே ஆகிவிட்டது. அவர் ஃபிரிட்ஜைத் தாமாகத் திறந்து அவன் பார்க்கவில்லை. மின்விசிறி எந்த வேகத்தில் ஓடுகிறதோ அந்த வேகத்துக்குத் தம்மைப் பழக்கிக்கொள்வார். குளிர்ந்தால் துண்டைப் போர்த்துவாரே தவிர, சுவரில் இருக்கும் குமிழைத் திருக மாட்டார். சோறு போடும்போது இரண்டாவது அகப்பை வருவதற்குள் இடது கையால் தட்டை மறைத்து "ஹைர், போதும்" என்பார். முஜாஹிதும் மாப்பிள்ளைதான், அதுவும் பதினாறு வருடத்தைக் கூட்டிப் பார்த்தால் இந்த வீட்டில் இருபது மாதம் தேறாத மாப்பிள்ளை. ஆகவே மதியச் சாப்பாட்டில் சீலா மீனின் தலை இரண்டு பேருக்கும் நடுவே "நீங்க எடுங்க", "இல்ல மாமா, நீங்க" என்று கிடந்து ஆறிப்போகும். இல்மா வந்து, "ரெண்டு மாப்பிள்ளைக்கும் மரியாத முடிஞ்சுதா?" என்று கேட்டு அதைப் பிய்த்து ஆளுக்குப் பாதி வைத்துவிட்டுப் போவாள்.

ஆள் வெளியே போனால் வேறு மாதிரி. தூத்துக்குடித் துறைமுகத்தில், கப்பல்களுக்குச் சாப்பாட்டுச் சாமான் போடுகிற கம்பெனியில் முப்பத்தோரு வருடம் வேலை பார்த்தவர். விடிந்ததும் பஸ் ஏறிப் போய், வந்து நிற்கிற கப்பலின் சமையல்காரனிடம் பட்டியல் வாங்கி, பொழுது சாய்வதற்குள் முட்டை, முட்டைக்கோசு, அரிசி என்று கொண்டு சேர்க்க வேண்டும். அந்தப் பேச்சை எடுத்தால் போதும், வாய் மூடாது.

"பிலிப்பைன்ஸ்காரனுக்கு மீனுத் தலையோட வேணும், வெட்டிக் கொண்டு போனா கோவிச்சுக்கிடுவான். உக்ரேன்காரனுக்கு பீட்ரூட்டு. கிரீஸ்காரக் கேப்டன் ஒருத்தன், எலுமிச்சம்பழம் கொறஞ்சா அன்னைக்கெல்லாம் மூஞ்சியத் தூக்கி வச்சிருப்பான். எவன் கப்பலா இருந்தாலும் சரி மாப்பிள்ளை, ஏணிக்கு அடியில நின்னு கேட்டுட்டுத்தான் ஏறணும். கேக்காம ஏறுனா அவன் சோத்துல கை வச்ச மாதிரி."

கப்பலில் அவர் கற்றுக்கொண்டு வந்த வித்தை ஒன்று வீட்டுக்கு உதவியது. மாலுமிகள் கயிறு பின்னுவதைப் பார்த்துப் பார்த்து, மகளுக்குத் தலை பின்னிவிட்டார். பதுருன்னிஸாவுக்கு மணிக்கட்டு வலி வந்த வருடம் தொடங்கிய வேலை, இல்மா பன்னிரண்டாம் வகுப்பு முடிக்கும்வரை நடந்தது. பஸ்ஸுக்கு நேரமானாலும் இரட்டைப் பின்னலை முடித்துவிட்டுத்தான் கிளம்புவார். பள்ளிக்கூடத்தில் எல்லாப் பெண்களுக்கும் மாலையில் பின்னல் அவிழ்ந்து தொங்கும்போது இல்மாவுக்கு மட்டும் அசையாது. "புயல் அடிச்சாலும் இந்த முடிச்சு அவுறாது" என்று அவர் சொல்வாராம். அவளுக்கு அது அவிழ்க்க வராமல் அழுகையாக வரும் என்பது வேறு விஷயம்.

கல்யாண விருந்துகளில் அவரோடு ஒரே சஹனில் உட்கார ஆட்கள் இடம் பிடிப்பார்கள். சஹன் என்பது பெரிய தாம்பாளம். சுற்றி உட்கார்ந்து எல்லோரும் அதிலேயே சாப்பிட வேண்டும். யஹ்யா பேச்சுக் கொடுத்துக்கொண்டே, நல்ல கறித்துண்டுகளை விரல் நுனியால் எதிர்ப்பக்கம் நகர்த்திவிட்டு எலும்போடு மல்லுக்கட்டிக் கொண்டிருப்பார். அவர் கூடச் சாப்பிட்டவர்கள் எல்லோரும் வயிறு நிறைந்துதான் எழுந்திருப்பார்கள். தெருவில் அவருக்கு சலாம் சொல்லாமல் போகிற ஆள் கிடையாது. வீடுகளுக்குப் பின்னால் பெண்கள் மட்டும் போய்வருகிற ஒடுக்கமான சந்துக்கு முடுக்கு என்று பெயர். அந்த முடுக்கிலிருந்து கதவிடுக்கு வழியாக "யஹ்யா காக்கா, வரும்போது அரைக் கிலோ இஞ்சி" என்று பாதி ஊர் அவரை அண்ணன் முறை சொல்லிக் கூப்பிட்டு வேலை வைக்கும். இப்படி ஊருக்கே சொந்தமான மனிதருக்குச் சொந்த வீட்டில் மட்டும் என்ன வந்தது என்பதுதான் முஜாஹிதுக்குப் புரியவில்லை.

விடுப்பின் ஐந்தாவது வாரம் ஒரு நாள் காலை, இல்மா தினசரிக் காலண்டரைக் கையில் கழற்றி எடுத்துக்கொண்டு அவனிடம் வந்தாள். வருகிற புதன்கிழமைத் தாளின் ஓரம் சின்னதாக மடித்து விடப்பட்டிருந்தது.

"வாப்பா மடிச்சது. எண்ணிப் பார்த்தேன். உம்மா மௌத்தானதுல இருந்து அன்னைக்கோட நாலு மாசம் பத்து நாள்."

கணவன் இறந்தால் மனைவி வீட்டுக்குள் இருக்க வேண்டிய இத்தாக் காலம் அது. ஆண்களுக்கு அப்படி ஒன்று கிடையாது. யஹ்யாவிடமே போய்க் கேட்டபோது அவர் ஒளிக்கவில்லை.

"ஆம்பளைக்கு இத்தா கெடையாதுன்னு எனக்குத் தெரியாதாம்மா? இது மார்க்கத்துல உள்ளது இல்ல, நானா வச்சுக்கிட்ட கெடு. ஒங்க உம்மா போன வூட்டுல அவ்வளவு நாள் நான் இருந்துக்கிடலாம்னு நெனச்சேன். புதன்கெழம முடியுது. வியாழக்கெழம காலைல சுலைஹா வூட்டுக்குப் போயிருவேன்."

முத்து சுலைஹா அவருடைய தங்கை. அவர் பிறந்த வீடு இப்போது அவளுடையது. அங்கே முன்னறைக்குச் சுண்ணாம்பு அடித்தாகிவிட்டது என்றும் அவரே சொன்னார்.

"இது ஒங்க வூடு வாப்பா."

"இது ஒங்க உம்மம்மா வூடு. பொறவு ஒங்க உம்மா வூடு. இப்ப ஒன் வூடு, நாளைக்கு ஒம் மவ வூடு. நான் ஒங்க உம்மாவுக்கு மாப்பிள்ளையா வந்தவன். அவ இல்லாத வூட்டுல மாப்பிள்ளைக்கு என்ன சோலி?"

இல்மா எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள். மதியச் சாப்பாடு முடிந்ததும் முஜாஹிதிடம் வந்து, "உம்மா போனத அல்லாஹ் எழுதுனதுன்னு பொறுத்துக்கிட்டேன். வாப்பா தானா எந்திரிச்சுப் போறத எப்படிப் பொறுக்கது? நீங்க பேசுங்க" என்றாள். முஜாஹித் சரி என்றுவிட்டான். ஆனால் தானே ஒரு விருந்தாளி; ஒரு விருந்தாளி இன்னொரு விருந்தாளியிடம் எந்த உரிமையில் போகாதே என்று சொல்வான்?

அசர் தொழுதுவிட்டு இரண்டு பேரும் கடற்கரைக்கு நடந்தார்கள். காயல் கடற்கரையில் சாயங்காலம் ஊரே மணலில் உட்கார்ந்திருக்கும். யஹ்யா போகிற வழியில் சுண்டல் வாங்கினார். இரண்டு பொட்டலத்தில் பெரியதை அவன் கையில் கொடுத்தார்.

"மாமா, எனக்காகப் போறியளா? நான் போகச் சொல்லலியே."

"சொல்ல மாட்டிய. நானும் சொல்லல." யஹ்யா சுண்டலில் இருந்த மாங்காய்த் துண்டைத் தேடி எடுத்துவிட்டு மெதுவாகச் சொன்னார். "நான் வந்து ஒம்பது வருசத்துல எம் மாமி மௌத்தானாவ. நாப்பதாவது நாளு எம் மாமா தான் உண்டு தன் தொப்பி உண்டுன்னு அவிய தங்கச்சி வூட்டுக்குப் போயிட்டாவ. எதுக்குப் போனாவ தெரியுமா? எளவட்டம் நான், முன்னறையில காலு நீட்டிப் படுக்கணும், சத்தமா ரேடியோ கேக்கணும். அதுக்கு எடம் விட்டாவ. எனக்குச் சந்தோசமாத்தான் இருந்துச்சு. பொய் சொல்லக் கூடாது, நல்ல சந்தோசம்."

முஜாஹித் சுண்டல் பொட்டலத்தை மடித்துக் கையில் வைத்துக்கொண்டான்.

"வெள்ளிக்கெழம தோறும் ஜும்மா முடிஞ்சதும் அவியளப் பாக்கப் போவேன். வாசலுக்குப் பக்கத்துல ஒரு நாற்காலியில இருப்பாவ. வூட்டுல எல்லாரும் சொகமாம்பாவ. சொகம்பேன். நான் எந்திரிச்சா அவியளும் எந்திரிப்பாவ. தொப்பியக் கையில எடுத்துக்கிடுவாவ. வாசல் வரைக்கும் வருவாவ. நான் சலாம் சொல்லிட்டு நடந்திருவேன். பதினோரு வருசம். எதுக்குத் தொப்பிய எடுத்தாவன்னு அவிய மௌத்தான பொறவுதான் எனக்கு ஒறச்சது. வாங்கன்னு ஒரு சொல்லு, அது எங்கிட்ட இல்லாமயா போச்சு?"

சொல்லிவிட்டு அவர் கடலைப் பார்த்தார். கண் கலங்கியிருந்தது, அதைத் துடைக்கவும் இல்லை, மறைக்கவும் இல்லை.

"அப்படின்னா நீங்க போகக் கூடாதுல்லா மாமா. அவிய போனது தப்புன்னுதானே சொல்லுதிய."

"அவிய செஞ்சது சரி. நான் செஞ்சதுதான் தப்பு."

"சரி, இப்ப நான் சொல்லுதேன். இருங்க."

யஹ்யா அவன் முழங்காலில் தட்டினார். "இருங்கன்னு சொல்லுறது மரியாதை. கெளம்புற விருந்தாளிகிட்ட எல்லாரும் சொல்லுறதுதான். நீங்க நல்ல புள்ள, சொல்லத்தான் செய்விய."

முஜாஹிதுக்கு அன்று தூக்கம் சரியாக வரவில்லை. மனிதர் பிடிவாதக்காரர் என்று முதலில் கோபப்பட்டான். பிறகு அந்தப் பேச்சைத் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்த்ததில் ஒரு விஷயம் பிடிபட்டது. இருக்கிற ஆளிடம் இருங்கள் என்று சொல்லலாம், அது உபசாரம். கூப்பிட வேண்டுமென்றால் ஆள் முதலில் போயிருக்க வேண்டும். மறுநாள் இல்மாவிடம், "வாப்பா போறதத் தடுக்காத" என்று சொன்னதும் அவள் அவனை முறைத்த முறைப்பு இருக்கிறதே, துபாய்க்கு அன்றே விமானம் ஏறிவிடலாம் போலிருந்தது. அவன் பக்கத்தில் உட்கார்ந்து மீதியையும் சொன்னான். கேட்டுக்கொண்டே இருந்தவள் கடைசியில், "வட்டிலப்பத்துக்குத் தேங்கா எத்தன வேணும்னு பாக்கணும்" என்று எழுந்து போனாள். கல்யாண வீடுகளில் முட்டையும் தேங்காய்ப்பாலும் சேர்த்து அவிக்கிற இனிப்பு அது.

வியாழக்கிழமை காலை யஹ்யா ஒரு பையும் குடையுமாகக் கிளம்பினார். ஐம்பத்து மூன்று வருடத்துச் சாமான் ஒரு பைக்குள் அடங்கிவிட்டது. பேத்தியின் தலையைத் தடவினார், இல்மாவிடம் "வாரேம்மா" என்றார். சொன்னபடி அவள் தடுக்கவில்லை. தடுக்காதது அவருக்கு லேசாகத் தைத்திருக்க வேண்டும். படியிறங்கியவர் ஒரு நொடி நின்று, பிறகுதான் நடந்தார். இல்மா கதவைப் பிடித்துக்கொண்டு அழுதாள். நாளைக்குத் திரும்பி வராமல் போய்விட்டால் என்ன செய்வது என்று முஜாஹிதும் யோசித்துக்கொண்டே படியில் நின்றான். ஞாயிற்றுக்கிழமை அவனுக்கு விமானம்.

வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுதுவிட்டு அவன் வெள்ளைச் சட்டை மடிப்புக் கலையாமல் சுலைஹா வீட்டு வாசலுக்குப் போனான். கையில் துணி மூடிய தாம்பாளம், அதில் இல்மா அவித்த வட்டிலப்பம். இல்மாவும் மகளும் முடுக்கு வழியாகப் பின்வாசலுக்கு ஏற்கெனவே வந்து சேர்ந்து, உள்ளே பெண்களோடு நின்றார்கள். புதுச் சுண்ணாம்பு வாசம் மாறாத முன்னறையில் யஹ்யா முதுகை நேராக வைத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். தம் பிறந்த வீட்டிலும் அவர் விருந்தாளியாகத்தான் உட்கார்ந்திருக்கிறார் என்பது முஜாஹிதுக்குப் பார்த்ததும் தெரிந்தது.

சலாம் சொல்லித் தாம்பாளத்தைச் சுலைஹாவிடம் நீட்டினான்.

"என்ன தம்பி இது, கல்யாணத்துக்குக் கொண்டு வாரது மாதிரி?" என்றாள் அவள்.

"கல்யாணத்துக்கு மாதிரிதான் மாமி. மாப்பிள்ளையக் கூப்பிட வந்திருக்கேன்."

"எந்த மாப்பிள்ளைய?"

"பதுருன்னிஸா வூட்டு மாப்பிள்ளைய." வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்த வார்த்தை, அப்படியும் நாக்குக் குழறியது. யஹ்யாவின் பக்கம் திரும்பினான். "மாமா, போறவங்ககிட்டச் சொல்லுற மரியாத இல்ல இது. எங்க வூட்டுக்கு நீங்க வேணும். அழைச்சுக்கிட்டுப் போக வந்திருக்கேன், வாங்க."

சுலைஹா முந்தானையை வாயில் வைத்துச் சிரித்தாள். கண்ணில் தண்ணீரும் வந்தது. "மாப்பிள்ளையக் கையப் புடிச்சு அழைச்சுட்டுப் போறது பொண்ணுக்குக் கூடப்பொறந்தவன்லா? ஒரு மாப்பிள்ளைய இன்னொரு மாப்பிள்ளை கூப்பிட வாரத இந்தக் காயல்ல நான் இன்னைக்குத்தான் பாக்கேன்."

யஹ்யா அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு நாற்காலியின் கையை ஊன்றி எழுந்து உள்ளறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

ஐந்து நிமிடம் ஆயிற்று, பத்தும் ஆயிற்று. உள்ளே பெண்கள் குசுகுசுப்பது கேட்டது. "காக்காவுக்குக் கோவமோ" என்று சுலைஹாவே சந்தேகப்பட்டாள். நாலு பேர் முன்னால் பெரிய மனிதரைக் கேலிப்பொருளாக்கி விட்டோமோ என்று முஜாஹித் வியர்த்துப் போய் நின்றான்.

கதவு திறந்தது. யஹ்யா பெருநாளுக்கு வைத்திருக்கும் வெள்ளை முழுக்கைச் சட்டையைப் போட்டு, கழுத்துப் பித்தான்வரை மாட்டியிருந்தார். தாடி வாரியிருந்தது. அத்தர் வாசம் அவருக்கு முன்னால் முன்னறைக்கு வந்து சேர்ந்தது. யார் முகத்தையும் பார்க்காமல், நிக்காஹ் முடிந்த மாப்பிள்ளையைப் போலக் கண்ணைத் தாழ்த்திக்கொண்டு நடந்து வந்து முஜாஹிதுக்கு முன்னால் நின்றார். பிடித்து அழைத்துப் போவதற்குத் தோதாக, வலது கையை நீட்டினார்.